கடலுக்கு விட்ட மரம்

கடலோரம் ஓர் ஊர். அங்கே தூண்டில் கழிகளுக்குக் கைப்பிடி செய்கிற ஒருத்தி இருந்தாள். பெர்பெத் என்று பேர். நாற்பதைத் தொடாத வயது. கழி எங்கிருந்தோ வரும், நூல் சுற்றும் ரீல் எங்கிருந்தோ வரும். கைப்பிடி மட்டும் ஆளுக்கு ஆள் அளவு பார்த்து அவள் கடைந்து கொடுப்பாள். தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல ஜனங்கள் அவளிடம் வந்து கையை நீட்டிவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு ஒரு சீடர். சவரிராயன். அவள் அப்பாவுக்கே மூத்தவர். காலமெல்லாம் படகு கட்டிய ஓடாவி. முட்டி மடங்காமல் போனதில் படகுக்கடியில் குந்த முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற மர வேலை வேண்டும் என்று அவராகவே வந்து நின்றார்.

“வயசுல சின்னவகிட்ட வேலை படிக்க வெக்கமா இல்லையா, ஓடாவியாரே?”

“வெக்கப்பட்டா முட்டி மடங்குமா, வாத்தியாரம்மா?”

சிரித்துவிட்டாள். உப்புத்தாளைக் கையில் கொடுத்து உட்காரவைத்தாள். அவள் கடைந்ததை அவர் தேய்ப்பார். அப்படியே கொஞ்ச காலம் போனது.

ஒருநாள் பஸ் டிரைவர் அணஞ்சபெருமாள் வந்தார். வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கொஞ்சம் கோணலாகவே கூடிப்போன கை அவருக்கு.

“பஸ்ஸை ஓட்டிருதேன், தாயி. தூண்டிலைத்தான் வீச முடியல. நாலு வீச்சு வீசினா மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி, லேசா ஒரு கைப்பிடி செஞ்சு தா. அதுவும் சரிப்படலைன்னா கழியைத் தூக்கி மச்சினனுக்குக் கொடுத்துருவேன். அவன் மாங்கா பறிக்கட்டும்.”

சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கழியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கழியை விட்டுவிட்டு அவர் போனதும் பெர்பெத் ஒரு துண்டு மரத்தை எடுத்துச் சவரிராயன் முன்னால் வைத்தாள். கல்யாண முருங்கை. நன்றாகக் காய்ந்தது, கனமே இல்லாதது.

“இது உங்க வேலை. அவருக்கு ஒத்து வந்துட்டா, இனிமே நீங்களும் கைப்பிடி செய்யலாம்.”

“ஒத்து வராட்டி?”

“உப்புத்தாள் நிறைய இருக்கு.”

சவரிராயன் ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். வழவழவென்று, பார்க்கப் பார்க்க ஆசையாய் ஒரு கைப்பிடி. பெர்பெத் கையில் வாங்கினாள். ஒரு தடவை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்தாள்.

“கனம்.”

“கல்யாண முருங்கைக்குக் கனமா?”

“மரத்துக்குக் கனமில்ல. நீங்க நிறைய விட்டு வச்சிருக்கிய.”

சவரிராயன் தலையைச் சொறிந்தார். “கை வழக்கம், வாத்தியாரம்மா. படகுப் பலகையில அளவுக்கு மேல விரல்கடை மரம் விட்டுத்தான் அறுப்போம். அது கடலுக்கு. உப்பும் புழுவும் அரிச்சது போக மிச்சம் மனுசனுக்கு.”

“சரி. இதை யாரு அரிக்கப் போறா? அணஞ்சபெருமாளா?”

சவரிராயன் கைப்பிடியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது கைப்பிடியைக் கடைந்தார், குடைந்தார், தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அவருக்கே ஒரு வெறி வந்துவிட்டது. பூக்கடை மாணிக்கத்திடம் தராசை இரவல் வாங்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். நிறுப்பார், இழைப்பார், மறுபடி நிறுப்பார். கடைசியில் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தபோது, ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது.

“இப்பச் சொல்லுங்க, வாத்தியாரம்மா. ரெண்டு முழம் மல்லிகைப்பூ கூட இதைவிடக் கனம்.”

பெர்பெத் கைப்பிடியைக் கழியில் செருகினாள். ரீலை மாட்டினாள். முழுசாக அவர் கையில் கொடுத்தாள்.

“கடலைப் பாத்து நீட்டிப் பிடிங்க. நான் டீ போட்டுட்டு வாரேன்.”

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது. இஞ்சி தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து மீன் விலையைச் சொல்லிப் புலம்பினாள், அதையும் நின்று கேட்டாள். திரும்பி வந்தபோது கழியின் நுனி மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சவரிராயன் இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“என்ன ஓடாவியாரே, மல்லிகைப்பூ அமுக்குதா?”

“கழி இழுக்குது. மூக்கு முன்னால தாழுது.”

“கழி நேத்து இருந்த அதே கழிதான்.”

சவரிராயன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். டீயை வாங்கினார், குடிக்கவில்லை.

“கனமா இருந்தாலும் தப்பு. லேசா இருந்தாலும் தப்பு. அப்ப எவ்வளவுதான் செதுக்கணும்? உளியை எங்க நிறுத்தணும்? அதைச் சொல்லுங்க, நான் செஞ்சிருதேன்.”

“நாளைக்குச் சொல்லுதேன். டீ ஆறுது.”

மறுநாள் டூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடே வந்துவிட்டார் அணஞ்சபெருமாள். “ஆச்சா, தாயி?”

“உக்காருங்கண்ணே. ஓடாவியாரே, நீங்களும் வாங்க. அண்ணன் வலது கையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க.”

“எதுக்கு?”

“சும்மாதான். அவர் பேசி முடிக்குற வரைக்கும்.”

பஸ் டிரைவர் பேசி முடிப்பதாவது! அணஞ்சபெருமாள் வளைவில் ஏறி வந்த லாரிக்காரனைச் சொன்னார். சில்லறை இல்லாத கண்டக்டரைச் சொன்னார். பஸ்ஸில் கோழி கொண்டுவந்த கிழவியைச் சொன்னார். அது சீட்டுக்கடியில் முட்டையிட்டதைச் சொன்னார். முதலில் சவரிராயனுக்குக் கூச்சமாக இருந்தது. மருமகனுக்குத் தாரைவார்த்துக் கொடுப்பதுபோல ஓர் ஆம்பிளை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன வேலை என்று நினைத்தார். லாரிக்காரன் கதை முடிவதற்குள் கூச்சம் போய்விட்டது. கோழி வருவதற்குள் அவர் கதை கேட்பதையே விட்டிருந்தார்.

கோபம் வரும்போது அந்தக் கை சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும்தான் இறுக்கியது. கட்டைவிரல் பேருக்குத்தான் மேலே கிடந்தது, அதில் பிடி இல்லை. சிரிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கமாக லேசாகச் சாய்ந்தது. நிமிரும்போதெல்லாம் தோலுக்கடியில் ஏதோ ஒன்று சுருங்கி ஒதுங்கியது.

“வாத்தியாரம்மா,” என்றார் சவரிராயன், கையை விடாமல். “எனக்கு ஒரு துண்டு மரம் வேணும்.”

மூன்றாவது கைப்பிடிக்கு அவர் தராசைத் தொடவில்லை. ரீலுக்கு முன்னால் இருந்த மரத்தை அநேகமாக முழுக்க எடுத்தார். உள்ளங்கை படிகிற இடத்தை ஒடுக்கினார். சின்ன விரல்கள் இரண்டும் சுற்றிக்கொள்ள ஒரு வளைவு கொடுத்தார். வால்பக்கம் வந்தபோது உளி தயங்கியது. தயங்கிய இடத்தில் மரத்தை அப்படியே குமிழாக, கழியின் மூக்குக்கு எதிர்க்கனமாக விட்டுவிட்டார்.

மாணிக்கம் தராசைத் திரும்ப வாங்க வந்தவர், எடுத்துக்கொண்டு போகுமுன் கைப்பிடியை அதில் வைத்துப் பார்த்தார்.

“என்ன ஓடாவி, போன தடவையைவிடக் கூடக் காட்டுதே!”

“அணஞ்சபெருமாள் கூடத் தராசா தூண்டில் போடப் போகுது? எடுத்துட்டுப் போ வே.”

உள்ளேயிருந்த பெர்பெத் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கைப்பிடியை வாங்கிப் பார்க்கவில்லை. “பசை வச்சு ஒட்டிருங்க,” என்று மட்டும் சொன்னாள்.

“நீங்க ஒரு தடவை பிடிச்சுப் பாத்துட்டு...”

“என் கைக்கா செஞ்சிய?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல் வளைவுக்கு டிரைவரும் ஓடாவியும் போனார்கள். முட்டியைத் தாங்கித் தாங்கி சவரிராயன் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அணஞ்சபெருமாள் வீசினார். மறுபடி வீசினார். வெயில் ஏறியது. தொப்பியை மாட்டிக்கொண்டு வீசினார். வெயில் உச்சிக்கு வந்தபோது, பசிக்கிறது என்று சொல்லி நூலைச் சுருட்டினார்.

சவரிராயன் நேரே பட்டறைக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. பெர்பெத் யாருக்கோ ஒரு கைப்பிடி கடைந்துகொண்டிருந்தாள்.

“என்ன சொன்னார்?”

“ஒண்ணுமே சொல்லல, வாத்தியாரம்மா. கைப்பிடி நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லா இல்லைன்னும் சொல்லல. அப்படி ஒண்ணு இருக்குறதாவே அவர் நினைச்ச மாதிரி தெரியல.”

“காலையிலேருந்து பேசாமயா இருந்தார், அந்த மனுசன்?”

“பேசாம இருப்பாரா! ஒரு பாரை மீன் வந்து கடிச்சுட்டு நூலை அத்துக்கிட்டுப் போச்சு, அதையே சொல்லிக்கிட்டு இருந்தார். இம்புட்டுப் பெரிய வாலாம். தண்ணி நிறம் மாறுதுன்னார். நாளைக்கு லீவு போடவான்னு என்கிட்டயே கேக்குறார். காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு கேட்டார்.”

பெர்பெத் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினாள். கைப்பிடியில் ஒட்டியிருந்த தூளை ஊதினாள்.

“மணிக்கட்டைப் பத்தி?”

சவரிராயன் சொல்ல வாயெடுத்தார். வெயில் உச்சிக்கு வரும்வரை வீசியும் அந்த மனுசன் மணிக்கட்டென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.