ஊருணி உத்தரவும் தவசிலிங்க நாடாரும்

வேம்பூர்ப்பேட்டையில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தவர் தவசிலிங்க நாடார். அவர் ஏலம் கூற எழுந்தால் தும்மிக்கொண்டிருப்பவர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. நமக்காகவும் இந்தக் குரல் பேசட்டுமே என்று ஊரார் அவரை நகரசபைக்கு அனுப்பினார்கள்.

முதல் கூட்டத்திலேயே கலெக்டர் ஹாலம் துரை ஓர் உத்தரவை வாசித்து, உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்தார். ஊரே தண்ணீர் குடிக்கும் ஊருணிக்கு வேலி போடவேண்டுமாம். துரைமார் கிளப்புக்குப் படகு விட இடம் வேண்டியிருந்தது.

வேலி வந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக் கிணறுவரை நடந்தார்கள். மண்டியில் வற்றல் ஆயும் நிறைமாதக்காரி ஒருத்தி வழியிலேயே மயங்கி விழுந்தாள். அன்றே நாடார் சந்தைத் திடலில் கூட்டம் போட்டுப் பேசுவது என்று முடிவு செய்தார்.

தேர்தலில் அவரிடம் தோற்ற ராவ்பகதூர் வெங்கடாசலம் உடனே கலெக்டர் பங்களாவுக்கு ஓடினார். தடை வந்தது. சந்தையில் யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. வியாபாரிகள் சரக்கைக் கூவி விற்கலாம்.

“இனிமேல் வாயைத் திறக்க முடியாதே, நாடாரே?” என்று விசாரித்தார் ராவ்பகதூர்.

“முடியாதுதான். நான் வியாபாரத்தைப் பார்க்கிறேன்.”

சந்தை நாளன்று நாடார் வற்றல் மூட்டைமேல் ஏறி, உத்தரவு நகலை உயர்த்திப் பிடித்தார்.

“இன்றைக்கு ஏலம் இந்த உத்தரவுதான். சீமைக் காகிதம், அசல் முத்திரை. எடுக்கிறவர்கள் ஊருணியில் தண்ணீர் மொள்ளக் கூடாது. பிள்ளை தாகத்தில் அழுதால் ரயிலடிக்கு நடக்கணும். வேலிக்கு வெளியே நின்று படகு பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. விலை கேளுங்கள்.”

சந்தை முழுக்கக் கூடிவிட்டது. யாரும் விலை கேட்கவில்லை.

“சும்மா கொடுத்தாலும் வேண்டாம், அண்ணாச்சி” என்றாள் குடம் சுமந்து வந்த ஒருத்தி.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று முடித்துவிட்டு நாடார் இறங்கினார்.

மறுநாள் போலீஸ்காரர் அவரைக் கலெக்டர் முன் நிறுத்தினார். பக்கத்தில் ராவ்பகதூர், அழைக்காமலே வந்து நின்றார்.

“தடையை மீறிப் பிரசங்கம் செய்தீரா?”

“இல்லை, துரை அவர்களே. ஏலம் விட்டேன். ஏலத்தில் சரக்கின் குணத்தைச் சொல்லியாகணும்.”

“சர்க்கார் உத்தரவை விற்றுவிட்டீரா?”

“விற்கவில்லை. சந்தையே கூடியிருந்தது. எடுத்துக்கொள்ள ஒருத்தரும் இல்லை.”

ராவ்பகதூர் முகத்தைப் பார்த்தார் துரை. அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“சரி. அந்தக் காகிதம் எங்கே?”

நாடார் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“போணியாகாத சரக்கை அனுப்பினவருக்கே திருப்பிவிடுவது எங்கள் மண்டி வழக்கம், துரை அவர்களே.”

துரை காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு மேசை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்து, ‘ரத்து’ என்று எழுதினார்.