புதுக் காருக்கு வெச்ச பொட்டு

ஒரு மலையூர்ல ஒரு மாமனாரும் மாப்ளையும் இருந்தாங்களாம். மாமனார் பேரு மாசாணம், மாப்ள பேரு தினகரன். ஆளுக்கொரு காரு. ம் கொட்டு, அப்போதான் மேல சொல்லுவேன்.

மாசாணத்தோடது முப்பது வருஷத்து அம்பாசடர். கடகடகடன்னு ஊரையே எழுப்பும், ஆனா அவரு காலு சொன்னதை மட்டுந்தான் கேக்கும். மாப்ளையோடது புதுசு. ஸ்ஸ்ஸ்னு சத்தமில்லாம போகும். குறுக்க எதுனா வந்தா தானே பாத்து, தானே நிக்கும். "நடுரோட்டுல தானா நிக்கிறதுக்குப் பேரு காரா? எருமைதான் அப்படி நிக்கும்"னு மாமனார் வாய் ஓயாம கேலி பண்ணுவாரு. மாப்ள சிரிச்சுக்குவான்.

அப்புறம் ஆயுதபூசை வந்துச்சு. பூசை முடிஞ்ச கையோட, மாசாணத்தோட ஒரே மக செவந்திக்கு இடுப்பு வலி கண்டுருச்சு. நாள் கணக்குக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கணும். தன் வண்டியில போனா குலுங்கியே புள்ளைக்கு என்னமும் ஆயிருமோன்னு மாசாணத்துக்கே பயம். "மாப்ள, உங்க வண்டியை எடுங்க"ன்னாரு. சொல்றதுக்கு வாய் வரல, ஆனாலும் சொன்னாரு.

மொத வளைவு. டிங் டிங் டிங்... டக்! காரு தானா நின்னுருச்சு. பின்சீட்டுல செவந்தி "அம்மா"ன்னா.

"என்ன மாப்ள?"

"முன்னாடி ஏதோ இருக்குன்னு வண்டி சொல்லுது மாமா."

எட்டிப் பாத்தா ரோடு காலி. அப்புறம் கெளம்புனாங்க. ரெண்டாவது வளைவு. டிங் டிங்... டக்! அப்பவும் ரோடு காலி. செவந்தி பக்கத்துல இருந்த அப்பா கையை நெரிச்சுப் பிடிச்சுக்கிட்டா. மூணாவது வளைவு. டக்! இந்தத் தடவை நகரவே மாட்டேன்னுருச்சு. தினகரன் திரையில எதை எதையோ அமுக்குறான், ஒண்ணும் நடக்கல. வேற வண்டியும் வரக் காணோம். பூசை நாளாச்சே, எவன் வருவான்? என்ன, ம் சத்தத்தைக் காணோம்? ஆங், சரி.

மாசாணம் கதவைத் தொறந்தாரு. எறங்கி ஓடி முன்னாடி போயி நின்னாரு. அப்போதான் பாத்தாரு. அந்தக் காரு வழி பாக்குற சின்னச் சின்ன கண்ணு மேல எல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பிக் காஞ்சு கிடக்கு. வெச்சது யாருங்கிற? அவரேதான். வாய் கேலி பண்ணுனாலும் மனசு கேக்கல. நம்ம மக போற வண்டியாச்சேன்னு, மாப்ளைக்குத் தெரியாம, விடியக்காலையில பொட்டு பொட்டா வெச்சுவிட்டிருக்காரு. அம்பாசடருக்கு முப்பது வருஷமா அப்படித்தான் வெச்சாரு. அதுக்குக் கண்ணா இருந்துச்சு, மறைக்கிறதுக்கு?

துண்டை நனைச்சு பரபரன்னு தொடச்சாரு. "என் கைவேலைதான் மாப்ள"ன்னாரு.

"ஏறுங்க மாமா"ன்னான் தினகரன். காரு மிச்ச வளைவெல்லாம் ஒரு தடவை கூட நிக்காம எறங்குச்சு.

சாயங்காலம் பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. எல்லாரும் தூக்கிப் பாத்தாங்க. மாசாணம் மட்டும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுக் கதவோரமா நின்னாரு. புள்ளையை வாங்க அந்தக் கைக்குத் தைரியம் வரல.

செவந்தி பாத்தா. "கையை நீட்டுப்பா"ன்னு சொல்லி, அவளே புள்ளையை அதுல வெச்சா.

கதை மலை எறங்கிருச்சு. நீயும் தூங்கு.