தேவாங்கின் ஆட்காட்டி விரல்

காட்டு உயிர்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில் தேவாங்கு பகலில்தான் நடமாடியது. அதன் கையில் ஐந்து விரல்களும் நீளமாக, முழுதாக இருந்தன. ஆனால் அதோடு பேசத்தான் யாரும் இல்லை.

கண்கள்தான் காரணம். அப்போதுதான் அழுது முடித்தவை போலப் பெரிதாக, ஈரமாக இருக்கும். "காலையிலே அது மூஞ்சியிலே முழிச்சா அன்னைக்கு இரை கிடைக்காது" என்று கீரி ஒருமுறை சொன்னது. பிறகு காடே அதைச் சொன்னது.

மலைமேல் மேசை போன்ற தட்டைப் பாறை ஒன்று இருந்தது. குரங்கும் கீரியும் மற்றவர்களும் நடுவில் முள்குச்சிகளை அடுக்கி அதை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஆலம்பாலைக் காயவைத்து உருட்டிய பந்தை, பனைமட்டையில் செதுக்கிய சிறு மட்டையால் அங்கும் இங்கும் தட்டி விளையாடுவார்கள். பந்து பாறையில் ஒருமுறை குதித்ததும் எதிராளி அதைத் திருப்பி அடிக்க வேண்டும். எல்லோரும் உலக்கையைப் பிடிப்பது போல மட்டையை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு ஓங்கி அடித்தார்கள். பாதி நேரம் பந்து புதருக்குள் போனது. அதற்கும் சிரித்தார்கள்.

தேவாங்கு வேலமரத்தில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும். யாரும் வா என்று கூப்பிட்டதில்லை.

ஒருநாள் யாரோ வீசிப்போன விரிசல் மட்டையும் தேய்ந்த பந்தும் அதற்குக் கிடைத்தன. சரிவின் கீழே, சுவர் போல நின்ற ஒரு கல்லின்முன் போய் விளையாடத் தொடங்கியது. தேவாங்கு அடித்தது; கல் திருப்பிக் கொடுத்தது. பந்து கோணலாகப் போய் விழும். தேடி எடுத்து வந்து மறுபடி அடிக்கும். மழைக்காலம் வந்து போனது. வேனலும் வந்தது.

அந்த வேனலில் அதன் ஆட்காட்டி விரலில் முள் தைத்துச் சீழ் பிடித்தது. விரலை மடக்க முடியவில்லை. விளையாடாமல் இருக்கவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் மூன்று விரல்களால் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்தது. கட்டைவிரலை மட்டையின் முன்பக்கம் மெல்லச் சாய்த்தது. வலித்த விரலைப் பின்பக்கத்தில், அடி விளிம்பையொட்டி நீட்டிப் படுக்க வைத்தது.

பந்து நேராகப் போய் நேராகத் திரும்பி வந்தது. விரலைச் சற்று அழுத்தினால் மட்டையின் முகம் தாழ்ந்தது, தளர்த்தினால் நிமிர்ந்தது. விரல் காட்டிய பக்கமெல்லாம் பந்து போனது. காயம் ஆறிய பிறகும் தேவாங்கு அந்த விரலை மடக்கவில்லை. மரத்தில் ஏறும்போதுகூட அது நீட்டியபடியே இருந்தது.

"யாரோடக்கா விளையாடுறே?"

தேவாங்கு திடுக்கிட்டது. வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் பார்த்தது. அங்கே ஒரு வெள்ளெலி நின்றிருந்தது. போன மழையில் வளை இடிந்து, கூடப் பிறந்தவர்களையெல்லாம் பறிகொடுத்துவிட்டு மேட்டுக்கு ஏறி வந்த எலி.

"பாறையோட" என்றது தேவாங்கு.

"யார் ஜெயிக்கிறது?"

"பாறை தோத்ததே இல்லை."

வெள்ளெலி சிரித்தது. தேவாங்குக்கு எப்படிச் சிரிப்பது என்று தெரியவில்லை. "தம்பி, என் மூஞ்சியிலே முழிச்சா இரை கிடைக்காதாம். போயிடு" என்றது.

"இரை கிடைச்சு நாளாச்சு. இனிமே கெட்டுப்போக என்னக்கா இருக்கு? பந்தைப் போடு."

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். பூச்சி பிடித்தால் தேவாங்கு பாதி கொடுக்கும். விதை கிடைத்தால் வெள்ளெலி பாதி கொண்டுவரும். ஆட்டத்தில் வெள்ளெலி ஒருநாளும் ஜெயிக்கவில்லை. அதைப் பற்றி அது கவலைப்படவுமில்லை. "எங்க அக்கா ஆட்டத்தை வந்து பாருங்கடா" என்று மேலே போய்ச் சொல்லி, தேவாங்கைக் கையோடு இழுத்துக்கொண்டு போனது.

குரங்கு தோற்றது. கீரி தோற்றது. கீரி மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தது.

"மதினி, அந்த விரலை எப்படி வைக்கணும்? எனக்கும் காட்டு."

தேவாங்கு ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டியது. "இறுக்காதே. குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடி. இந்த விரல் மட்டும் பின்னாலே படுத்திருக்கட்டும்." இத்தனை கைகளை அது அதற்குமுன் தொட்டதே இல்லை.

ஒரு சாயங்காலம் வெள்ளெலியும் தேவாங்கும் தட்டைப் பாறையில் எதிரெதிரே ஆடினார்கள். தேவாங்கு அடித்த பந்து உயரக் குதித்தது. வெள்ளெலி அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் ஓடியது. அந்தப் பக்கம் பாறைக்கு அப்பால் கிடுகிடு பள்ளம்.

"நில்லுடா!"

வெள்ளெலியின் கால் வழுக்கியது. தேவாங்கு மட்டையை வீசிவிட்டுப் பாய்ந்து அதன் வாலைப் பிடித்தது. மூன்று விரல்கள் சுற்றிக்கொண்டன. கட்டைவிரல் அழுந்தியது. ஆட்காட்டி விரல் மட்டும் பள்ளத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, நல்லாப் பிடி! அந்த விரலையும் மடக்கு!"

"மடங்க மாட்டேங்குதுடா... மடங்க மாட்டேங்குது..."

விரலின் இடைவெளியில் வால் மெல்ல நழுவியது. பிறகு கையில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் ஓடிவந்தார்கள். "யார் பிடிச்சிருந்தாலும் நழுவித்தான் இருக்கும், மதினி" என்றது குரங்கு. தேவாங்கு தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்கி வெள்ளெலியைத் தேடி எடுத்து, மண்ணில் புதைத்துவிட்டு, காட்டின் அடர்ந்த பகுதிக்குள் தனியாகப் போனது. கீரி பல நாள் அந்தப் பக்கம் வந்து, "மதினி, மதினி" என்று கூப்பிட்டுப் பார்த்தது. தேவாங்கு இலைகளுக்குள் அசையாமல் இருந்துகொண்டது.

மடங்காத அந்த ஆட்காட்டி விரலை வலிக்க வலிக்க உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை அமுக்கியபடியே கிளைகளைப் பற்றி நடந்தது. அமுங்கிக் கிடந்த விரல் நாளடைவில் சூம்பிச் சிறு மொட்டானது. பகலில் பந்துச் சத்தம் காதில் விழும் என்பதால் பகலெல்லாம் தலையைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு தூங்கியது. இருட்டிய பிறகே எழுந்தது.

குரங்கிடமிருந்து அந்த ஆட்டத்தை மனிதர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இன்றும் மேசைப்பந்து ஆடுகிறவர்கள் ஆட்காட்டி விரலை மட்டையின் பின்பக்கம் நீட்டி வைப்பது அப்படி வந்ததுதான். தேவாங்கு மட்டும் ஆடுவதில்லை. ஒரு கை கிளையை இறுகப் பற்றிவிட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை அது மறுகையை எடுப்பதில்லை. பிடித்த கிளையிலிருந்து அதைப் பிரித்தெடுக்கவும் யாராலும் எளிதில் முடிவதில்லை. வெள்ளெலி கைநழுவிப் போன அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் தேவாங்கு இப்படி ஆனது.