மர ஊமத்தை தலை கவிழ்ந்த கதை

அந்தக் காலத்தில் மர ஊமத்தைக்குக் கிளையே கிடையாது. ஒற்றைத் தண்டாக நெட்டுக்கு வளரும். உச்சியில் ஒரே ஒரு பூ. அந்தப் பூவும் இப்போதுபோலத் தலைகீழாகத் தொங்காது. ஊதுகொம்பை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். வாசனை கிடையாது. வாசனைக்குப் பதிலாக அதற்குப் பேச்சு இருந்தது.

இதில் வாய் பிளக்க ஒன்றுமில்லை. அப்போது எல்லாமே பேசின. கோழி பேசியது, ஆடு பேசியது, பாறைகூட வெயில் ஏறினால் இரண்டு வார்த்தை முனகும். ஆனால் மற்றவை பேசினால் அது பேச்சு. மர ஊமத்தை பேசினால் அது தீர்ப்பு. நின்ற இடத்தைவிட்டு நகராத செடி, யார் வீட்டிலும் பெண் எடுக்காதது, யார் வீட்டு விருந்திலும் கை நனைக்காதது, அதனால் அது நடுநிலையாகத்தான் இருக்கும் என்று கூனல்மலைக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அந்திசாயும் நேரத்தில் பூ விரியும். விரிந்ததும் ஊரில் தப்புச் செய்தவர் பெயரைச் சொல்லும். பெயர் சொல்லப்பட்டவர் அடுத்த பூ விரிவதற்குள் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும். அதுதான் சட்டம். இறங்கியவர்கள் கீழே என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து சொல்ல ஒருவரையும் காணோம்.

அந்தச் செடி மருதாயி வீட்டுக்கும் ஒச்சம்மா வீட்டுக்கும் நடுவேலியில் நின்றது. ஒச்சம்மா மருதாயிக்கு மதினி முறை. இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு, ஆனால் அதில் பாதிக்குமேல் குத்தல்தான். ஒச்சம்மா அடுப்படியிலிருந்து கழுநீர் கொட்டும் இடமும் செடியின் வேரும் ஒன்றாக அமைந்துபோயின. அவள் செடியை வளர்க்க வேண்டும் என்று நினைத்தவள் இல்லை. நாலு எட்டு வைத்துக் குப்பைக்குழிக்குப் போகச் சோம்பல், அவ்வளவுதான். செடிக்கு அது தெரியுமா? சோறு கிடைக்கிற வாசலில் நாய் படுக்கிற மாதிரி, தண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஒச்சம்மா பக்கமே சாய்ந்துவிட்டது.

அந்த வருஷம் ஊருக்கான விதைத் தினையைக் காக்கும் முறை மருதாயி வீட்டுக்கு வந்திருந்தது. அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆளுயரக் குதிரில் தினையைக் கொட்டி, மேலே மூடி, மண் பூசி வைத்திருந்தார்கள். விதைக்கும் பருவம் வந்ததும் ஊரே கூடி மூடியைத் திறந்தது. பாதிக் குதிர் காலி.

"எலியா இருக்கும்" என்றான் மருதாயியின் புருஷன் விருமன்.

"பாதிக் குதிரைத் தின்ன எலி, கன்னுக்குட்டி அளவுல இருக்கணுமே" என்றார் ஊரை நடத்தும் பெரியதனம் கூளையன். "பூ சொல்லட்டும்."

அந்தியில் பூ விரிந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு, அடிவாரம் வரை கேட்கிற குரலில், "மருதாயி தின்றாள்!" என்றது.

ஒரு மணி தினையை மருதாயி வாயில் போட்டதில்லை. வேலியருகே போய் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ பூவே, நான் தின்னதை நீ பாத்தியா?"

"கேட்டேன்."

"யாரு சொல்லக் கேட்ட?"

"ஊர் சொல்லக் கேட்டேன்."

ஊர் என்றால் ஒச்சம்மா. குதிரைத் திறந்த அன்று மத்தியானம் அவள் கழுநீர் கொட்டிக்கொண்டே, "வேற யாரு திங்கப்போறா? புருஷனும் பொண்டாட்டியும் அவிச்சுத் தின்னுருப்பாக" என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். சாய்ந்து நின்ற செடி அதைக் கேட்டது. கேட்டதைச் சொன்னது. மருதாயி பக்கத்தில் என்ன பேச்சு என்பது அதற்கு எட்டவே எட்டாது.

விருமன் அன்றே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டான். சட்டத்துக்குப் பயந்த மனுஷன்.

"அம்மிய என்ன செய்ய?"

"விட்டுட்டு வா."

"எங்க ஆத்தா புழங்கின அம்மி."

"அப்ப நீயும் அம்மியும் போங்க. நான் வரல" என்றாள் மருதாயி.

அவள் போகாமல் இருப்பதற்கு ஒரு வழி யோசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பூ விரிவதற்குள் இறங்க வேண்டும் என்பதுதானே சட்டம்? பூவே விரியாவிட்டால்? மறுநாள் காலை அரிவாளை எடுத்துப் போய், சாய்ந்த தண்டை எட்டி இழுத்து, உச்சியை ஒரே வீச்சில் சீவிவிட்டாள். பூ "ஏய்!" என்றது. அதற்குமேல் சொல்லத் தலை இல்லை.

ஊர் ஓடி வந்தது. பெரியதனம் கூளையன் சீவிய தண்டைப் பார்த்தார், மருதாயியைப் பார்த்தார். செடியை வெட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டார். அப்படி ஒன்றை யாரும் யோசித்தே வைக்கவில்லை.

"அப்ப இருந்துக்க" என்றார். "ஆனா பூத்த அன்னைக்கு நீ இங்க இருக்கக் கூடாது."

மருதாயி தினமும் போய்ப் பார்த்தாள். வெட்டுப்பட்ட இடம் காய்ந்தது. அப்புறம் ஒரு நாள் அதன் இரண்டு பக்கமும் கொழுந்து புடைத்தது. கொழுந்து கிளையாகி, ஒன்று ஒச்சம்மா முற்றத்துக்கும் இன்னொன்று மருதாயி முற்றத்துக்கும் கை நீட்டியது. செடிக்குக் கவை விழுந்துவிட்டது. உலகத்திலேயே முதல் கவை அதுதான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் மாமரம் கோபித்துக்கொள்ளும்.

'ஒரு வாய்க்கே ஊரைவிட்டு விரட்டுச்சு. ரெண்டு வாய் வந்தா என்ன கதி?' என்று நினைத்தாள் மருதாயி. கவைக்குக் கீழே வெட்டிவிடலாம் என்று குனிந்து அரிவாளை ஓங்கினாள். ஓங்கிய கையில் ஒரு இலை உரசியது. அது தன் முற்றத்து வெயிலில் முளைத்த இலை. இதுவரை இந்தச் செடியின் ஒரு இலைகூட அவள் பக்கம் வந்ததில்லை. கையை இறக்கிவிட்டாள். உள்ளே போய் மிச்சமிருந்த நீராகாரத்தைக் கொண்டுவந்து வேரில் ஊற்றினாள்.

அதிலிருந்து அம்மியை அந்தக் கிளைக்கு அடியில் போட்டுக்கொண்டு, அரைக்கும்போதெல்லாம் செடியிடம் பேசினாள். தான் தின்னவில்லை என்றாள். ஒச்சம்மாவின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னாள். நடுநடுவே, யாருமில்லை என்ற தைரியத்தில், தனக்குத்தானே முணுமுணுத்தாள்: "குதிர் அடியில தினை எடுக்குற துளையில துணியை இறுக்கித் திணிச்சேனா? திணிச்ச மாதிரிதான் இருக்கு. திணிக்காத மாதிரியும் இருக்கு."

கிளை அசையாமல் கேட்டுக்கொண்டது.

ஒரு சாரல் பெய்தது. மறுநாள் ஒச்சம்மா ஆட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து பரபரவென்று எதையோ பிடுங்கிக்கொண்டிருந்ததை மருதாயி வேலிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்ன மதினி, தொழுவத்துல களை எடுக்கிறீக?"

"கல்லு பொறுக்கறேன்."

"கல்லு பச்சையா இருக்கே."

"தினை" என்றது தொழுவத்தில் கட்டியிருந்த வெள்ளாடு. "என் புழுக்கையில தினை முளைச்சிருக்கு. நல்ல விதை, ஒண்ணு வீணாப் போகல."

ஒச்சம்மா ஒரு பிடி புல்லை எடுத்து அதன் வாயில் திணித்தாள். "சும்மா கெட, சனியனே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருதாயிக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியது ஒச்சம்மாவுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கி என்ன செய்ய? ஆட்டின் சாட்சியை ஊர் ஏற்காது. ஒரு கட்டுப் புல் காட்டினால் அது யார் பெயரையும் சொல்லும். முளைகளையோ அதற்குள் ஆடே தின்று முடித்துவிட்டது. இனி சொல்ல முடிந்தது செடி ஒன்றுதான். அது தொழுவத்தின் மேலேயும் கை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கிளையிலும் மொட்டு வேறு தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒச்சம்மா அரிவாளோடு வேலிக்கு வந்தாள். ஆட்டைக் கட்டாமல் விட்ட குற்றத்துக்குத் தான் மலை இறங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கு இரவெல்லாம் பயம். நேராகத் தண்டின் அடியைப் பார்த்துக் குனிந்தாள்.

மருதாயி அதைப் பார்த்துவிட்டாள். கவைக்குக் கீழே வெட்டு விழுந்தால் செடி இத்தனை நாள் கேட்டதெல்லாம் போச்சு. வேரிலிருந்து மறுபடி ஒற்றைத் தண்டாக முளைத்து, கழுநீர்ப் பக்கம் சாய்ந்து, பழைய பாட்டையே பாடும். ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால் ஒச்சம்மா கையில் அரிவாள். ஆனால் ஒச்சம்மாவைப் பற்றி மருதாயிக்கு ஒரு விஷயம் தெரியும்: மருதாயி எதை வேண்டாம் என்கிறாளோ, அதைச் செய்யாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"நல்லா வெட்டுங்க மதினி" என்றாள் மருதாயி, கொட்டாவி விட்டபடி. "அடியோட வெட்டுங்க. பூக்கலேன்னா எனக்கும் நல்லதுதான். நுனிய மட்டும் தொட்டுராதீக."

ஒச்சம்மா நிமிர்ந்தாள். "ஏன்? நுனியில என்ன?"

"பூ வர்ற எடம் அதுதானே. வாயில வெட்டுனா அதுக்கு நோகாதா? பாவம்."

"ஓகோ" என்றாள் ஒச்சம்மா. நிமிர்ந்த வாக்கிலேயே இரண்டு நுனிகளையும் சீவினாள். வேலிக்கு மேல் எட்டி மருதாயி பக்கத்துக் கிளையையும் விடவில்லை.

"ஐயையோ" என்று மருதாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொண்டாள்.

ஒன்று வெட்டினால் இரண்டு முளைக்கும் என்பது மருதாயிக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு. இரண்டு நுனி நாலாயிற்று. ஒச்சம்மா நாலையும் வெட்டினாள். அது எட்டாயிற்று. அவள் விடாமல் வெட்ட, செடியும் விடாமல் முளைக்க, ஒற்றைக்குச்சியாக நின்றது குடை விரித்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஓரம் ஒச்சம்மா கூரைக்கு மேலே, ஒரு ஓரம் மருதாயி தாழ்வாரத்துக்கு மேலே, நடுவில் கொஞ்சம் ஊர் நடக்கிற பாதைக்கு மேலே. கடைசியில் ஒச்சம்மாவுக்குத் தோள் இற்றுப்போயிற்று. அரிவாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி எல்லாக் கொப்பிலும் மொட்டு வைத்தது.

பூ விரியப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் கூடியது. விருமன் அம்மியைக் கயிற்றால் கட்டித் தயாராக வைத்திருந்தான். பெரியதனம் மருதாயியிடம் வந்து, "இன்னும் கிளம்பலையா?" என்றார்.

"கேட்டுட்டுப் போறேன்" என்றாள் அவள்.

அந்தி சாய்ந்தது. செடி முழுக்கப் பூ. முன்போல ஒன்றும் வானத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு சுமையும் மெல்லிய கொப்புகளில் ஏறியதால் எல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கின. முதல் தடவையாகச் செடி தனக்குக் கீழே நிற்கும் மனிதர்களின் முகத்தைப் பார்த்தது.

ஒச்சம்மா பக்கத்துப் பூக்கள் முதலில் பேசின. இப்போது அவை கத்தவில்லை. "தினையைத் தின்றது ஒச்சம்மாவின் ஆடு. புழுக்கையில் முளைத்ததைப் பிடுங்கி மறைத்தது ஒச்சம்மா."

மருதாயி முகத்தில் சிரிப்பு வந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

உடனே மருதாயி பக்கத்துப் பூக்கள் பேசின. "குதிரின் அடித்துளையைச் சரியாக அடைக்காமல் விட்டது மருதாயி. அம்மியடியில் உட்கார்ந்து அவள் தினமும் அதைத்தான் சொல்கிறாள்."

சிரிப்பு பாதியில் நின்றது. கை இடுப்பிலிருந்து இறங்கியது.

பிறகு எல்லாப் பூவும் சேர்ந்து சொன்னது: "இது எதுவும் தெரியாமல், ஒரு பக்கம் சாய்ந்து நின்று ஒருத்தியின் பெயரைச் சொன்னது நான்."

பெரியதனம் தொண்டையைக் கனைத்தார். சட்டப்படி பெயர் வந்தவர்கள் மலை இறங்க வேண்டும். மருதாயி, ஒச்சம்மா, ஆடு, அப்புறம் செடி. செடி எப்படி இறங்கும்?

"நான் அம்மிய அவுக்கவா, தூக்கவா?" என்றான் விருமன்.

பெரியதனம் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பாதைக்கு மேலே தொங்கிய ஒரு பூ, "பெரியதனம் கூளையன்..." என்று ஆரம்பித்தது. அந்தப் பாதையில்தான் ஊரே நடந்துபோகும். நடந்துகொண்டே பேசும். பெரியதனத்துக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் வேர்த்தது. ஆளாளுக்குத் தான் அந்தப் பாதையில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்து நிறம் மாறினார்கள்.

"போதும்! போதும்!" என்று பெரியதனம் இரண்டு கையையும் தூக்கினார். "சட்டம் இன்னையோட சரி. யாரும் மலைய விட்டு எறங்க வேண்டாம். ஆத்தா, நீ மட்டும் இனி வாயத் தெறக்காத."

"தெறக்கணும்" என்றது செடி. "அந்தி சாஞ்சா அதுவா தெறந்துக்கும். பேச்சை வேணும்னா முழுங்கிக்கிறேன்."

விழுங்கிவிட்டது. மலைக்காரர்களின் அத்தனை பேச்சையும் ஒரு செடி விழுங்கினால் என்ன ஆகும்? இலை, பூ, விதை, வேர் எல்லாம் நஞ்சாகிவிட்டது. மெய்தானா என்று பார்க்க ஒச்சம்மாவின் ஆடு ஒரு இலையைக் கடித்தது. தலை சுற்றி, தன் வாலையே வேறொரு ஆடு என்று நினைத்து முட்டப்போயிற்று. பிழைத்துக்கொண்டது, ஆனால் அப்புறம் அது பேசவும் இல்லை, அந்த வேலிப்பக்கம் போகவும் இல்லை.

மிச்சமிருந்த அரைக் குதிர் விதையை அகலத் தூவி விதைத்தார்கள். அந்த வருஷம் எல்லார் கலயத்திலும் கூழ் தண்ணீராகத்தான் இருந்தது. மருதாயியும் ஒச்சம்மாவும் செடியை முறைவைத்துக் கத்தரித்தார்கள். கவைக்கு மேலே எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், கீழே மட்டும் கை வைக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. வேறு எதிலும் இல்லை.

அன்று முதல்தான் மர ஊமத்தை, இரண்டு பக்கமும் கை நீட்டிக் கவை விடும்வரை ஒரு பூவும் பூப்பதில்லை. பூத்தால் தலை கவிழ்ந்து பூக்கிறது, அந்தியானால் வாய் திறந்து வாசனையை மட்டும் விடுகிறது. அவசரக்காரர் யாராவது கவைக்குக் கீழே வெட்டிவிட்டாலோ, கேட்டதையெல்லாம் மறந்துவிட்டு, இன்னொரு தரம் இரண்டு தரப்பையும் விசாரித்து முடிக்கும்வரை பூவுக்காக அவரைக் காக்க வைக்கிறது.