இரண்டாவது வரி

சிறைக்குள் இருந்த பள்ளிக்கு ஒரே வாத்தியார், எழிலன். அவனும் கைதிதான். வயது முப்பதைத் தாண்டவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்க வந்தவர்களில் மூத்தவர் தங்கமாரி. குடிபோதையில் அண்ணன் மகனை வெட்டிக் கொன்றுவிட்டு உள்ளே வந்தவர். எழிலன் அவரை அண்ணே என்பான். அவர் அவனை சார் என்பார்.

மகள் கல்யாணத்துக்காக முதல் தடவையாகப் பரோல் கிடைத்த அன்று, வகுப்பு கலைந்த பிறகும் தங்கமாரி எழுந்திருக்கவில்லை.

"உள்ளே வந்ததுலேர்ந்து ஒரு தப்புத்தண்டாவுக்குப் போனதில்லை சார். குடி இல்லை, சண்டை இல்லை. அப்படியும் மனசு ஏன் ஆற மாட்டேங்குது?"

எழிலன் பலகையில் 5x + 8 = 3x + 20 என்று எழுதி, சாக்பீஸை நீட்டினான்.

"இப்பப் போய் கணக்கா சார்?"

"போடுங்கண்ணே."

தங்கமாரி அழகான கையெழுத்தில் ஒவ்வொரு படியாகப் போட்டார்.

8x + 8 = 20
8x = 12
x = 3/2

"விடையை முதல் வரியில வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் பதினைந்தரை வந்தது, மறுபக்கம் இருபத்து நாலரை.

தங்கமாரி கடைசி வரியை அழிக்கக் கை தூக்கினார். எழிலன் டஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தப்பு எங்கே என்று தெரியும்வரை அவன் எதையும் அழிக்க விடமாட்டான். அந்த விஷயத்தில் ஜெயிலரைவிடக் கறார்.

"கடைசி வரியில தப்பில்லை."

"மூணாவது வரியா?"

"அதுவும் சரி."

"எல்லாம் சரின்னா விடை எப்படி சார் தப்பாகும்?"

தங்கமாரி மேலிருந்து படித்தார். விரல் இரண்டாவது வரியில் நின்றது. 3x-ஐ மறுபக்கம் கொண்டுவந்தவர் குறியை மாற்றவில்லை. கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தார்.

"அதுக்கப்புறம் நீங்க செஞ்சது எல்லாம் சரிதாண்ணே."

"முதல் வரி சார்?"

"அது நடந்து முடிஞ்சது. அதை யாராலயும் மாத்த முடியாது."

தங்கமாரி பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பையன்தான் முதல்ல அரிவாளை எடுத்தான்னு கோர்ட்டுல சொன்னேன் சார். அவன் கையில ஒண்ணுமே இல்லை. 'எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லை'ன்னு மதினி அங்கேயே விழுந்து கதறிச்சு. நான் இன்னிக்கு வரைக்கும் வாயத் திறக்கலை."

"மதினி வீடு எங்கே?"

"கல்யாண வீட்டுக்கு அடுத்த தெரு."

எழிலன் டஸ்டரை அவரிடம் கொடுத்தான்.

தங்கமாரி இரண்டாவது வரியிலிருந்து கீழே இருந்த எல்லாவற்றையும் அழித்தார். 2x + 8 = 20 என்று எழுதினார். அதற்குமேல் எழுத ஓடவில்லை.

"போய் உண்மையைச் சொல்றேன்னே வைங்க. மதினி கதவையே திறக்கலைன்னா?"

"அது கடைசி வரிண்ணே. நீங்க இன்னும் ரெண்டாவது வரியிலதான் நிக்கிறீங்க."