முள்ளாயிக்கு ஒரு பாராட்டு விழா

கரட்டுமேட்டுக் காட்டில் முள்ளாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். மேட்டுச் சரிவில் துவரை விதைப்பாள். விளைந்ததில் தனக்கு எடுத்தது போக, மீதியெல்லாம் கீழே குளக்கரை விலங்குகளின் வயிற்றுக்குத்தான் போகும். பதிலுக்கு அவர்கள் பழமோ கிழங்கோ கொடுப்பார்கள். சிலர் நல்ல வார்த்தை மட்டும் கொடுப்பார்கள்.

போன வருஷம் மழை பொய்த்தது. செடியெல்லாம் கருகிப் போயிற்று. ஒரு சுரைக்குடுக்கை நிறையத் துவரை விதையை மட்டும் முள்ளாயி எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தாள். பசிக்கும்போதெல்லாம் அந்தக் குடுக்கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த வருஷத்தை எப்படி ஓட்டினாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கே சொல்லத் தெரியாது.

இந்த வருஷம் ஒருவழியாக மழை வந்தது. ராத்திரி பூராவும் பெய்துவிட்டு விடியற்காலையில் ஓய்ந்தது. முள்ளாயி ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கிப் பார்த்தாள். பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. நல்ல பதம்! ஆனால் மேட்டு மண்ணில் ஈரம் தங்காது. மேல்காற்று வேறு கிளம்பிவிட்டது. நாளைச் சாயங்காலத்துக்குள் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். தவறினால் மண் பொருக்குத் தட்டி இறுகிவிடும். அப்புறம் எதைப் போட்டாலும் முளைக்காது.

அது ஒற்றை ஆள் வேலையும் இல்லை. பட்டினி கிடந்த உடம்பு விதைக்க இரண்டு உழவுச் சால் கீறுவதற்குள் மூச்சு வாங்கியது. கீழே போய் யாரையாவது துணைக்குக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளாயி அக்கா! முள்ளாயி அக்கா! நல்ல சேதி!"

தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. எங்கே போனாலும் அவை கூட்டமாகத்தான் போகும். பேசினாலும் எல்லாம் சேர்ந்துதான் பேசும். அவற்றில் மூத்தவள் செங்கண்ணி. குளக்கரையில் 'நம்ம ஊர்ச் சாப்பாட்டுச் சங்கம்' என்று ஒன்றை வைத்து நடத்துகிறவள் அவள்தான். நல்ல மனசுக்காரி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"உங்கள மாதிரி சின்ன விவசாயிங்க எவ்வளவு கஷ்டப்படுறீங்க! அதான் நாளைக்கு உங்களுக்காக ஒரு விருந்து வைக்கிறோம். காடே வருது! எல்லார்கிட்டயும் தானியம் திரட்டி உங்க கையில குடுக்கப் போறோம்!" என்றாள் செங்கண்ணி.

முள்ளாயிக்குக் கண் கலங்கியது. தன்னையும் நினைக்க ஆள் இருக்கிறதே!

"ரொம்ப சந்தோஷம் செங்கண்ணி. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? நாளைக்கு விருந்து வேணாம். எல்லாரும் இங்க வந்துருங்க. காட்டுப்பன்றிங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்க மூக்கால ஒரு கீறு கீறுனா சால் ஆயிடும். நீங்க விதைய எடுத்துப் போடுங்க. மத்தியானத்துக்குள்ள வேல முடிஞ்சிரும்."

குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அய்யோ அக்கா! மயிலு ஆட ஒத்துக்கிட்டாரு. நாள மாத்துனா அவரு கிடைக்க மாட்டாரு!"

"கரடி அண்ணன் ஏலம் விடத் தேனடை குடுத்திருக்காரு!"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு அக்கா!"

"சரி, நீங்க நடத்துங்க. நான் வரல" என்றாள் முள்ளாயி.

"நீங்க இல்லாம எப்படி? உங்க மொகத்தப் பாத்தாத்தான் நாலு பேரு தாராளமாக் குடுப்பாங்க. ஒரு நாழி வந்து உக்காந்துட்டுப் போங்க, போதும்!" செங்கண்ணி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம், அந்தக் குடுக்கைல இருக்கிற துவரையில கொஞ்சம் குடுத்தீங்கன்னா சுண்டல் பண்ணிரலாம். உங்க நிலத்துல விளைஞ்சதுன்னு சொல்லிப் பரிமாறினா எவ்வளவு நல்லா இருக்கும்!"

முள்ளாயியின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"அது விதை!"

"சரி சரி, அத விடுங்க. நாளைக்குக் காலையில வந்துருங்க!" என்று சொல்லிவிட்டுக் குருவிகள் பறந்தன.

முடியாது என்று அவள் திரும்பவும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நமக்காகத்தானே செய்கிறார்கள், போகாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்களே என்று நினைத்தாள். அன்றைக்கு முழுவதும் தனியாகவே கீறினாள். கீழ்க்கோடியில், புளியமரத்தடியில் நாலைந்து சால்தான் ஆயிற்று. விதை போடுவதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று.

மறுநாள் குளக்கரையே அமர்க்களப்பட்டது. பாறை மேல் முள்ளாயியை உட்கார வைத்தார்கள். செங்கண்ணி வரவேற்றுப் பேசினாள். பிறகு மற்றக் குருவிகள் ஒவ்வொன்றாக வந்து அதையே பேசின. மயில் ஆடியது; போதும் என்று யாரும் சொல்லாததால் திரும்பவும் ஆடியது. இலை போட்டார்கள். மேல்காற்றில் இலைகள் பறந்தன. பரிமாறியவர்கள் சிரித்துக்கொண்டே துரத்திப் பிடித்தார்கள். முள்ளாயிக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேயே இந்தக் காற்று என்றால், மேட்டில் எப்படி அடிக்கும்!

"செங்கண்ணி, ஒரு நாழின்னு சொன்னியே!" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இதோ அக்கா, பொன்னாடை மட்டும் போத்திடுறோம்!"

தையல்சிட்டு மஞ்சள் இலைகளைக் கோத்துத் தைத்த பொன்னாடை. அதை முள்ளாயியின் தோளில் போர்த்தினார்கள். முள்ளில் மாட்டிக்கொண்டு அது கழலவே இல்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அடுத்து தேனடை ஏலம். இரண்டு குரங்குகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டன.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கூவுவாள் செங்கண்ணி. மூன்றாம் தரம் சொல்வதற்குள் மற்றக் குரங்கு ஏற்றிக் கேட்கும். தானியக் குவியல் வளர்ந்தது. வெயில் உச்சி தாண்டி மேற்கே சாய்ந்தது.

கடைசியில் முள்ளாயியைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் கும்பிடு. அங்க மண்ணு காஞ்சுக்கிட்டு இருக்கு. நான் போகணும். யாராவது கூட வந்தா நல்லா இருக்கும்."

 கூட்டத்தில் ஒரே கைதட்டல்!

"நாலே வார்த்தை! நெஞ்சத் தொட்டுட்டா!" என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"மண்ணு காயுதுன்னாளே! எவ்வளவு ஆழமான பேச்சு!" என்றது ஒரு காட்டுப்பன்றி.

ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாயசம் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது.

முள்ளாயி பாறையை விட்டு இறங்கி நடந்தாள். பொன்னாடை முள்ளில் தொங்கிக்கொண்டே வந்தது. அதைப் பிடுங்கி எறியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு அலுப்பு.

மேட்டுக்கு வந்து மண்ணில் நகத்தை வைத்தாள். நகம் வழுக்கியது. மேல்பகுதி முழுவதும் பொருக்குத் தட்டிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! பிறகு மெல்ல எழுந்து புளியமரத்தடிக்குப் போனாள். நிழலில் மட்டும் ஈரம் இருந்தது. நேற்றுக் கீறிய சாலில் விதையைப் போட்டு மூடினாள். குடுக்கையில் பாதிக்குமேல் மிஞ்சிவிட்டது.

காலையில் குருவிகள் இலைப் பொட்டலங்களோடு வந்தன.

"அக்கா! ஏன் பாதியில வந்துட்டீங்க? பாருங்க, எவ்வளவு சேந்திருக்குன்னு!"

பொய்யில்லை. நிறையத்தான் சேர்ந்திருந்தது.

"நல்லா இருங்க எல்லாரும். இந்த வருஷம் எனக்கு இது போதும்" என்றாள் முள்ளாயி. "ஆனா நீங்க என்னத்தத் தின்பீங்க?"

"எங்களுக்கு என்னக்கா? உங்க துவரை இருக்கே!"

முள்ளாயி மேட்டைக் காட்டினாள். செங்கண்ணி பறந்துபோய் ஒரு கொத்து கொத்தினாள். அலகு வலித்தது. நகர்ந்து இன்னொரு இடத்தில் கொத்தினாள். அங்கேயும் அப்படித்தான். மற்றக் குருவிகளும் கொத்திப் பார்த்தன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் கூட்டம் வாயை மூடியது.

"அக்கா, இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் செங்கண்ணி மெல்ல.

"சொன்னேனே தங்கச்சி. கை தட்டுனீங்க."

அந்த வருஷம் புளியமரத்தடியில் விளைந்தது மட்டுந்தான் துவரை. முள்ளாயி அதை எல்லோருக்கும் பங்கு வைத்தாள். யாருக்கும் அரை வயிறுகூட நிரம்பவில்லை. வாங்கிப் போக வந்தவர்கள் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கஷ்டப்படுகிறவருக்கு உதவ நினைத்தால், நமக்குத் தோன்றியதைச் செய்யாமல், அவர் கேட்டதை அவர் கேட்ட வேளையில் செய்ய வேண்டும்.