கிணற்றுச் சாவி

உப்பாந்தீவில் முந்நூறு பேர்தான். ஆனாலும் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள். அங்கே நல்ல தண்ணீருக்கு ஒரே கிணறு. அதன் சாவி யார் கையிலோ, அவரே தலைவர். அந்த வருஷம் கருவாடு காயவைக்கும் சவேரியம்மா தலைவி.

அக்கரையிலிருந்து சிப்பாய்களோடு வந்திறங்கிய ஆணையர், "கருவாட்டுக்காரிக்கு எதற்கு அரசாங்கம்? சாவியைக் கொடு. இனி நான்தான் தலைவர்," என்றார்.

சவேரியம்மா சாவியை நீட்டினாள்.

"இந்தாங்கய்யா. ஊர் முழுக்கக் குடிச்ச பிறகுதான் தலைவர் குடிக்கணும். எங்க சட்டம் அது ஒண்ணுதான்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார் ஆணையர்.

அவளும் குடத்தோடு வரிசையில் போய் நின்றாள். கோடைக் கிணறு, ஊரின் கடைசிக் குடத்தோடு வற்றிப்போனது.

நா வறண்ட ஆணையர் கேட்டார்: "இப்போது தலைவர் என்ன செய்வார்?"

"நாளைக்கு ஊறும்வரை காத்திருப்பாருங்கய்யா. நானும் நேத்துலேருந்து காத்துக்கிடந்தேன். இன்னைக்கு உங்க புண்ணியத்துலதான் குடிச்சேன்."

ஆணையர் அவளுடைய வெடித்த உதடுகளைப் பார்த்தார். சாவியை அவள் கையிலேயே வைத்துவிட்டுப் படகேறினார்.